சாய்ந்த கடல்

வண்டியில் இரண்டு பக்கமும் கண்ணாடி இல்லாமல் வந்தால், எங்கள் பைக் கூட்டத்தை நடத்திப் போகிற வெற்றிச்செல்வன் தவளக்குப்பம் சந்திப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். அதே ஆள் டீக்கடையில் உட்கார்ந்ததும், கண்ணாடி வைத்த பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவனைப் பார்த்து, "இன்னுமாடா இந்த அம்மிக்கல்ல தூக்கிட்டுத் திரியற?" என்று கேலி செய்வான். வண்டிக்குக் கண்ணாடி இருக்க வேண்டும், கேமராவுக்கு இருக்கக் கூடாது. இதுதான் எங்கள் மதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கும்பிட நாங்கள் பன்னிரண்டு பேர் கூடுவோம்.

கண்ணாடி இல்லாத கேமராவை மிரர்லெஸ் என்பார்கள். உள்ளே படக்கென்று எழுந்து விழும் கண்ணாடி கிடையாது என்பதால் சின்னதாக, லேசாக இருக்கும், வண்டிப் பைக்குள் அடங்கிவிடும். கண்ணை வைத்தால் படம் எப்படி வரப்போகிறதோ அப்படியே உள்ளே தெரியும். கூடவே ஒரு கோடு தெரியும். கேமரா சாய்ந்திருந்தால் அந்தக் கோடும் சாய்ந்திருக்கும், மட்டமாகிவிட்டால் பச்சையாகும். அந்தப் பச்சைக் கோட்டுக்காகவே நான் இதை வாங்கினேன் என்று சொன்னால் ஹாதி நம்பமாட்டான். ஹாதி, காந்தி வீதியில் அவன் அப்பாவின் துணிக்கடையில் உட்காருகிற பையன். லென்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் சட்டைத்துணி கிழிக்க வந்த ஆளைக்கூடக் காக்கவைத்துவிடுவான். நானும் அவனும் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம். அவனுடைய உபரி பேட்டரி எப்போதும் என் பையில்தான் இருக்கும், தன் கையில் இருந்தால் தொலைத்துவிடுவானாம்.

என் பெயர் சக்கரபாணி. "பேர்லயே சக்கரம் வச்சிருக்கீங்க, நீங்க வண்டி ஓட்டாம யாரு ஓட்டுறது?" என்று துர்கா முதல் நாளே கேட்டாள். துர்கா லாஸ்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள், எங்கள் வாட்ஸ்அப் குழுவையும் அவள்தான் நடத்துகிறாள். ஞாயிறு கிளம்புகிறவர்கள் பன்னிரண்டு பேர்தான். படுக்கையில் கிடந்தபடி எங்களுக்கு இதயம் போடுகிறவர்கள் இன்னும் நாற்பது பேர் உண்டு.

நான் கதிர்காமம் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று சொல்லிவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து பொத்தானை அழுத்துவதுதான் வேலை. எடுக்கிறவன் உள்ளே நிற்கக் கூடாது என்பது அங்கே விதி. ஞாயிற்றுக்கிழமையும் அந்த விதி என்னை விடவில்லை. "அண்ணன் எடுத்தாத்தான் நல்லா வருது" என்று ஆளாளுக்கு என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு வரிசையாக நிற்பார்கள். பாராட்டித் தள்ளி நிறுத்தினால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. கோடு பச்சையாகிற வரைக்கும் நான் பொத்தானை அழுத்தமாட்டேன், சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது என்று அவர்கள் திட்டுவார்கள். என் கணினியில் அவர்களுடைய படங்கள் மலைபோலக் கிடக்கின்றன. அதில் ஒன்றில்கூட நான் இல்லை.

வரிசையில் வெற்றிச்செல்வன் முதல் வண்டி. கடைசி வண்டி என்னுடையது. கடைசி வண்டிக்காரனை ஸ்வீப் என்பார்கள். அவன் ஆரஞ்சு மேல்சட்டை போட்டிருப்பான், யார் வண்டி நின்றாலும் அவன் நிற்க வேண்டும். காற்றுப் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், முதலுதவிப் பெட்டி எல்லாம் அவன் வண்டியில். மற்றவர்கள் ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவரின் விளக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போக வேண்டும். விளக்கைக் காணோம் என்றால் வேகத்தைக் குறைத்து, ஓரங்கட்டி, திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். ஸ்வீப்புக்கு மட்டும் விலக்கு. அவர் விளக்கைக் காணோம் என்றால் யாருக்கோ உதவி செய்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம், யாரும் திரும்ப வேண்டாம்.

அந்த விலக்கைக் கொண்டுவந்ததே நான்தான். ஒருமுறை திண்டிவனம் சாலையில் நான் ஒருவனுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தபோது மொத்தப் படையும் திரும்பி வந்து சுற்றி நின்று, ஆளுக்கொரு யோசனை சொல்லிக் கழுத்தறுத்தது. இனிமேல் எவனும் வராதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அன்றிலிருந்து வருவதில்லை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். நான் இரண்டுக்குமே பிந்தியவன். நான் போய்ச் சேரும்போது அநேகமாக இட்லி தீர்ந்து உப்புமா ஓடிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்ததில்லை, அக்கா கேட்கிற வரைக்கும்.

அக்கா செல்வாம்பாள் பிரான்சில், பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். மாமாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, கல்யாணமான கையோடு போனவள். எங்கள் அப்பா மேஸ்திரி. சுவரின் மேல் ரசமட்டத்தை வைத்து, நடுவில் குமிழ் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லி எங்களைத்தான் கூப்பிடுவார். சாப்பாட்டுத் தட்டைச் சாய்த்துப் பிடித்தால்கூட, "குமிழ் எங்க நிக்குது?" என்று கேட்கிற மனிதர். அவர் போய் ரொம்ப வருஷமாகிறது. அம்மா போனது போன வருஷம். எனக்குக் கல்யாணம் இன்று நாளை என்று தட்டிப்போய், பிறகு யாரும் பேச்செடுக்காமலே விட்டுவிட்டார்கள். சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

போன வாரம் அக்கா போனில் கேட்டாள்.

"அந்த வீட்ல தனியா என்னாடா பண்ற?"

"தனியா எங்கக்கா? நாங்க பன்னெண்டு பேரு இருக்கோம்."

"எங்க, காட்டு. வாராவாரம் கடல அனுப்புற, வண்டிய அனுப்புற, அவங்கள அனுப்புற. உன்ன எங்க?"

"நாந்தானே எடுக்குறேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவங்களோட நீ நிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு அனுப்பு. அம்மா போனதுலேர்ந்து எனக்கு இங்க சரியா தூக்கம் வர்றதில்ல தம்பி. இவன் அங்க யாருமில்லாம கெடக்குறானேன்னு. அத பாத்தா தூங்கிடுவேன்."

இந்த ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாளே கைக்கடக்கமான ஒரு ஸ்டாண்டு வாங்கினேன். கேமராவை அதில் நிறுத்திவிட்டு, நானும் போய் வரிசையில் நின்று, செல்போனிலிருந்தே அழுத்திவிடலாம். வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, நடுவில் நான் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன். சனிக்கிழமை ஹாதியிடம் சொன்னேன்.

"நாளைக்கி நானும் படத்துல நிக்கணும்டா."

"அதுக்கென்னண்ணே, நடுவுல நிக்க வச்சிடுவோம்" என்றான். மனசாரத்தான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவானது பரங்கிப்பேட்டைக் கடற்கரைக்கு. இஸ்திரி போட்ட சட்டைக்கு மேல் ஆரஞ்சு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கடலூரைத் தாண்டுகிற வரைக்கும் வழக்கம்போல வால் பிடித்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் ஹாதி. புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் தளதளவென்று ஆடியது. ஹாரன் அடித்தேன். ஹாதி ஹெல்மெட்டுக்குள் என்ன பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தானோ. சவுக்குத் தோப்பு வளைவில் அவனுடைய சிவப்பு விளக்கு மறைந்தது.

ஆணி. சுண்டுவிரல் நீளத்துக்கு. அவன் திரும்பிப் பார்ப்பான் என்று காற்றில்லாத சக்கரத்தோடு கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டு போனது என் முட்டாள்தனம். அதில் டியூபின் வால்வு அடியோடு பிய்ந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பஞ்சர் ஒட்டுகிறவனின் பையில் ஒட்டுகிற சாமான்தான் இருந்தது, மாற்று டியூப் இல்லை.

போன் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் பதினோரு பேரும் பறந்து வருவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூப்பிட்டால் வருவார்கள் என்பது தெரிந்த சங்கதி. கூப்பிடாமல் வருவார்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவன் செய்கிற காரியமா இது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் அந்த வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இதைவிட முக்கியமான கேள்வி உலகத்தில் எனக்கு எதுவும் இல்லை.

மொபெட்டில் போன ஒருவர் நிறுத்தினார்.

"என்னா சார், பஞ்சரா? புதுச்சத்திரத்துல நமக்குத் தெரிஞ்ச டெம்போ இருக்கு. ஏத்திட்டுப் போயிடலாம். போன் போட்டு சொல்லட்டா?"

"சொல்லுங்க. மெதுவா வரட்டும், அவசரமில்ல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் போனார். நடுரோட்டில் நிற்கிறவன் அவசரமில்லை என்று சொன்னால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

சவுக்கு நிழலில் ஸ்டாண்டை விரித்தேன். கேமராவை அதில் வைத்து வளைவைப் பார்த்துத் திருப்பினேன். முதலில் வெற்றிச்செல்வனின் வண்டி வரும், பின்னால் வரிசையாக மற்றவர்கள், எல்லா விளக்கும் எரிந்துகொண்டு. அப்படி அவர்கள் எனக்காகத் திரும்பி வருகிறதை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதை அக்காவுக்கு அனுப்பினால் நான் அதில் நின்றதைவிட மேல். கோடு பச்சையாகும் வரை ஸ்டாண்டின் காலைத் திருகித் திருகிச் சரிசெய்தேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வெறும் சாலையை ஒரு படம் எடுத்தேன்.

பேருந்து ஒன்று போனது. முந்திரி மூட்டை ஏற்றிய ஒரு மினி லாரி போனது. வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் செல்போன் பொத்தானில் விரலை வைத்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ வந்தார்கள்.

போன் அடித்தது. ஹாதி. மனசு ஒரு துள்ளு துள்ளியது, அதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"புதுச்சத்திரம் தாண்டிடா."

"யாருக்குண்ணே பஞ்சர்?"

வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "ஒருத்தருக்கு" என்றேன்.

"நெனச்சேன். ஸ்வீப் லைட்ட காணோமேன்னு சொன்னேன். யாருக்காவது பாத்துட்டு இருப்பாருன்னாரு வெற்றியண்ணன். அண்ணே, என் பேட்டரி போயிடிச்சு. ஸ்பேரு உங்க பையிலதானே?"

"என்கிட்டதான் இருக்கு."

"அடடா. சரி விடுங்க, போன்லயே எடுத்துக்குறோம். நாலு இட்லி எடுத்து வைக்கச் சொல்றேன். நீங்க முடிச்சிட்டு வாங்கண்ணே."

யாருக்குப் பஞ்சர் என்ற கேள்விக்கு விடை அவன் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. பதினோரு வண்டி, பதினோரு ஆள். கணக்கு வாத்தியார் வேறு கூடவே இருக்கிறாள். எண்ணிப் பார்த்தால் போதும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் கோபித்துக்கொண்டு விலகிவிடலாம், வேறு கூட்டத்தைப் பார்க்கலாம். எனக்கு இட்லி எடுத்து வைக்கிற மனுஷர்கள். என்ன செய்வது, என்னை எண்ணத்தான் அவர்களுக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் குழுவில் படம் வந்தது. செல்போனை ஏதோ வண்டியின் சீட்டில் சாய்த்து வைத்து எடுத்திருக்கிறார்கள். பதினோரு பேர் தோள்மேல் கைபோட்டு நிற்கிறார்கள். ஹாதி கண்ணை மூடிவிட்டான். பின்னால் கடல். கீழே துர்கா எழுதியிருந்தாள்: "இந்த வாரம் பரங்கிப்பேட்டை. குடும்பமாகப் போனோம், குடும்பமாகக் கொண்டாடினோம். படம்: சக்கரபாணி அண்ணன்."

வாராவாரம் போடுகிற வாசகம்தான் அது. பழையதை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டுவாள். இந்த வாரமும் ஊர்ப் பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தாள்.

இதயங்கள் வர ஆரம்பித்தன. "அண்ணன் கண்ணே தனி" என்றார் ஒருவர். "மிரர்லெஸ்னா மிரர்லெஸ்தான், என்னா கிளாரிட்டி!" என்றார், வீட்டை விட்டு எப்போதும் கிளம்பாத இன்னொருவர். படத்தின் நடுவில் நிற்கிற வெற்றிச்செல்வனே எனக்குக் கைத்தட்டல் போட்டிருந்தான். இவ்வளவு பேர் பாராட்டும்போது சும்மா இருந்தால் மரியாதை இல்லை. "நன்றி" என்று போட்டேன்.

அதே நேரம் அக்காவின் செய்தி வந்தது. "எங்கடா படம்? காலங்காத்தால எழுந்து உக்காந்திருக்கேன்."

வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இப்போதும் யோசிக்கிறேன். அந்தப் படத்தை அப்படியே அவளுக்குத் தள்ளிவிட்டேன். "இவங்கதான் நம்ம ஆளுங்க" என்று எழுதினேன்.

"நீ எங்க?"

"நாந்தான்க்கா எடுத்தேன். அடுத்த வாரம் நிக்கிறேன்."

நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தபோது அழைப்பே வந்தது.

"இத நீ எடுக்கல" என்றாள்.

"ஏன்க்கா, நல்லால்லியா?"

"கடல் சாஞ்சிருக்கு."

நான் படத்தைத் திறந்து பார்த்தேன். ஆமாம். இடது பக்கம் நன்றாக இறங்கியிருந்தது. அத்தனை இதயங்களுக்கு நடுவில் எனக்கே அது கண்ணில் படவில்லை.

"தண்ணியெல்லாம் ஒரு பக்கமா கொட்டிடும் போல இருக்கு" என்றாள். "அப்பா பாத்தா ரசமட்டத்தாலயே அடிச்சிருப்பாரு."

"அவசரத்துல எடுத்தது, அதான்."

"பொய் சொல்லாதடா. நீ அவசரத்துலயும் சாய்க்க மாட்ட. எங்க இருக்க இப்ப?"

"ரோட்ல."

"யாரு கூட?"

வளைவைப் பார்த்தேன். ஒரு காக்கை சாலையின் குறுக்கே நடந்து போனது.

"வண்டி கூட" என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். பட்டப்பகலில் ரோட்டோரத்தில் ஒரு ஆள் அழுதால் நாலு பேர் நிறுத்தி விசாரிப்பார்கள். ஹெல்மெட் போட்டவனை யாரும் விசாரிப்பதில்லை.

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தமும், ஏதோ பாத்திரத்தை வைக்கிற சத்தமும் கேட்டன. பிறகு, "யாராவது வர்றாங்களா?" என்றாள்.

"டெம்போ வரும்."

"அது வர்ற வரைக்கும் போன வெக்காத."

"சரிக்கா."

"சாப்ட்டியா?"

"இல்ல."

"சும்மா இருக்காத. வேற என்னா எடுத்த இன்னைக்கி? அத அனுப்பு, பாப்போம்."

எடுத்தது ஒன்றுதான். கேமராவிலிருந்து செல்போனுக்கு மாற்றி, பேசிக்கொண்டே அனுப்பினேன். ஆளில்லாத சாலை, இரண்டு பக்கமும் சவுக்கு, தூரத்தில் வளைவு. வேறு எதுவும் அதில் இல்லை. அவளுக்குப் போய்ச் சேர்ந்ததற்கான குறி விழுந்தது. குழாய் சத்தம் நின்றது. ரொம்ப நேரம் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

"நேரா இருக்கு" என்றாள். கொஞ்சம் கழித்து, "இதுல இருக்கடா நீ" என்றாள்.

எனக்குப் பின்னால், புதுச்சத்திரம் பக்கமிருந்து டெம்போ ஹாரன் அடித்தது. நான் இன்னும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.